நரம்பு பார்த்தல்

சீட்டு விழுந்தது முப்பத்தையாயிரம்.
கரண்ட் பில்லுக்கும் ஒரு சோடிச் செருப்புக்கும் போக
முப்பத்தொன்று மிச்சம்.
இரவு டியூட்டி எரிச்சல் கண்ணில் இருக்க
திருமலை வீதிக் கடைக்குள் ஏறுகிறேன்.

"ஆருக்கு மிஸ், மகனுக்கா?"
"எனக்கு."
அஸ்மிர் என் வகிட்டு நரையை ஒருதரம் பார்க்கிறான்.
மறுகா சிரிக்கிறான்:
"மட்டக்களப்பில மீனே பாடுதாம்,
உங்களுக்கு ஒண்ணாதா?"

போன வருடம் தங்கை புருஷன் தந்த
இரும்புக் கம்பிக் கிற்றார் ஒன்று இருந்தது.
மூன்று கிழமை.
இடக்கை நுனிகளில் கோடு, பிறகு கொப்புளம்,
பிறகு காய்ந்த பலாக்கொட்டைத் தோல்.
ஏதோ படித்துவிட்ட மாதிரி
பஸ்ஸில் அதைத் தடவிக்கொண்டே போவேன்.

நாலாம் கிழமை, பதினோராம் கட்டில்.
வாழைச்சேனையில் இருந்து வந்த அம்மா.
முழங்கை மடிப்பில் சுட்டுவிரலை வைக்கிறேன்,
விரல் ஒன்றுமே சொல்லவில்லை.
கையுறைக்குள் இன்னொரு கையுறை.
இரண்டு தரம் குத்தினேன்.
"பறவாயில்ல புள்ள" என்றார் அவர்,
பஞ்சைத் தானே அமத்திப் பிடித்துக்கொண்டு.
அன்று பின்னேரமே கம்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே நைலோன்.

முதலில் இறங்குவது கறுப்பு.
மினுமினுப்பு, தோளில் ஒரு வெட்டு,
வயர் செருகத் துளை. இருபத்தாறு.
தட்டினால் பிஸ்கட் டின்.
நைலோனுக்குச் செய்த உடம்பில்
யாரோ இரும்பு கட்டிப் பார்த்திருக்கிறார்கள்:
பாலம், நசிபட்ட நகம் போல்
ஓரத்தில் எழும்பி நிற்கிறது.

அடுத்தது பெட்டிக்குள் இருந்து வருகிறது.
மேற்பலகை ஒட்டில்லாத தேவதாரு.
ஒரு நரம்பைத்தான் தொட்டேன்,
விலா எலும்பு வரை வந்தது.
அறுபத்தெட்டாயிரம்.
பிறர் குழந்தையைத் தாயிடம் கொடுப்பது போல்
இரு கையாலும் திருப்பிக் கொடுக்கிறேன்.

டச்பார் மெர்வின் ராகல்
லேத் எண்ணெய்க் கையோடு கம்பி வாங்க வந்தவன்,
கேளாமலே சொல்கிறான்:
"இந்த வாவிக் காத்துக்கு அது சரிவராது.
மார்கழியில ஊதும், ஆடியில வெடிக்கும்.
ஒட்டுப்பலகை எடுங்க. அதுக்கு ரோசமில்ல.
ஆனா நைலோன் வேணாம், நித்திரைச் சத்தம்."

கல்லடியில் என் அறைக்கு ஒரு செங்கல் சுவருக்கப்பால்
வீட்டுக்காரரின் பதினெட்டு நாள் பிள்ளை.
நித்திரைச் சத்தம்தான் வேணும் எனக்கு.

மூன்றாவது மங்கல் நிறம்,
ஒட்டுப்பலகை, அகலக் கழுத்து.
சிரிஞ்சில் காற்றுக் குமிழ் பார்ப்பது போல்
ஒரு கண்ணை மூடிக் கழுத்தைப் பார்க்கிறேன்.
நேர்.
கைப்பையில் ஆய்வுகூடக் கண்ணாடிகள் கிடக்கின்றன,
ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர்.
பன்னிரண்டாம் கட்டில், தடித்த நரம்புக்கடியில்
ஒன்றொன்றாய் அடுக்கிச் செருகுகிறேன்.
நான்கு நுழைகிறது.
ஐந்தாவது நிற்கிறது.
"இதென்ன மிஸ், மலேரியா பாக்கிறீங்களா?"

ஏழாம் கட்டில் மூன்றாம் நரம்பு
கொஞ்சம் கரகரக்கிறது.
எனக்கும் காலையில் அப்படித்தான்.
முப்பது என்றவன் எழுநூறு குறைத்தான்,
துணிப்பை ஒன்றும் தந்தான், சிப் இல்லாமல்.

பாலத்தில் பஸ் ஊர்கிறது.
கண்டக்டர் பையைக் காட்டி
"அதுக்கும் ரிக்கற்றா?" என்று யாரிடமோ கேட்கிறார்.
மடியில் வைத்துக்கொள்கிறேன்.

இரவு. சுவருக்கப்பால் பிள்ளை
ஒருதரம் முனகி அடங்குகிறது.
திருகாணியைத் திருகுகிறேன், ஏறுகிறது, இறங்குகிறது.
புது நைலோன் சொல் நிற்காது,
நாலைந்து நாள் இழுபடுமாம்.
ஒரு மணித்தியாலம் அமத்தியபின்
விளக்கில் விரல்களை விரித்துப் பார்க்கிறேன்.
சிவப்பு. பள்ளம் இல்லை.

காலையில், ஒன்பதாம் கட்டில்,
கண்ணை இறுக்கி மூடியிருக்கும் ஒரு பொடியன்.
மடிப்பில் விரலை வைத்தேன்.
அடியில் மெல்ல எதிர்த்து அமர்ந்தது.
"நரம்பு கிடைச்சிட்டா மிஸ்?"

கிடைத்துவிட்டது.
இரண்டாவது மட்டும்
இன்னும் சுருதியில் நிற்கவில்லை.